குழந்தை சொன்னபின் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது: தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முழுமையான வழிகாட்டி

வீட்டிலோ பள்ளியிலோ ஒரு குழந்தைக்குத் தீங்கு நடந்தது தெரியவந்தால், நம் பக்கம் வழக்கமாக நடப்பது இது: முதலில் குழந்தையை நடுவில் உட்கார வைத்து நாலு பேர் கேட்பார்கள். அப்புறம் எதிர்த்தரப்பு வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். பள்ளி விவகாரம் என்றால் டி.சி. வாங்கிவிடுவார்கள். ஆஸ்பத்திரியும் போலீசும் கடைசியில்தான்.

இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டினால் ஏறக்குறைய சரியாக வரும். காவல் நிலையத்துக்கும், குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும் மாவட்ட அமைப்பான குழந்தைகள் நலக் குழுவுக்கும் குடும்பங்களோடு துணைக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கெட்டுப்போகும் வழக்குகளில் பெரும்பாலானவை, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால் கெடுவதில்லை. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்ததால்தான் கெடுகின்றன.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

முதலில் எண்கள். குழந்தைகள் உதவி எண் 1098. 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. அவசரப் போலீஸ் 112. பெண்கள் உதவி எண் 181. பள்ளிக் கல்வித் துறைக்கு 14417. மனநல ஆலோசனைக்கு 14416. இணையவழிக் குற்றத்துக்கு 1930. இவற்றைப் போனில் மட்டும் சேமிக்காதீர்கள். அந்தப் போன் யார் கையில் இருக்கிறதோ அவரே தீங்கு செய்தவராகவும் இருக்கலாம். தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் பையில் ஒன்றும் குழந்தையின் புத்தகப் பையில் ஒன்றும் வையுங்கள்.

அடுத்து வயதுச் சான்று. 18 வயதுக்கு உட்பட்டவரா என்பதில்தான் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கே நிற்கிறது. வயதில் சந்தேகம் வந்தால் இளைஞர் நீதிச் சட்டம் 2015 முதலில் கேட்பது பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. ஆதார் இந்த வரிசையிலேயே இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிவிட்டு வந்த வீடுகள் நம் பக்கம் நிறைய. இரண்டு சான்றிலும் தேதி வேறுபட்டால் இப்போதே திருத்த மனுக் கொடுங்கள். வழக்கென்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அந்த வேறுபாட்டைத்தான்.

மூன்றாவது, துணைக்கு ஓர் ஆள். அழாமல், கத்தாமல், நாள் முழுக்கக் கூட இருக்கக்கூடிய ஒருவர். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. சுய உதவிக் குழுவில் இருக்கும் அக்கா, அங்கன்வாடிப் பணியாளர், பக்கத்துத் தெரு டீச்சர் என யாராகவும் இருக்கலாம். இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2. குழந்தை பேசுவதற்கான வழியைத் திறந்து வைத்தல்

பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்கோ திருப்பூரில் பனியன் கம்பெனிக்கோ போயிருப்பார்கள். பிள்ளைகள் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம். ராத்திரி அப்பா போன் செய்வார். ஆயாவுக்குக் காது சரியாகக் கேட்காது என்பதால் போன் ஸ்பீக்கரில் இருக்கும். திண்ணையில் சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், டிவி பார்க்க வந்த பையன்கள். "சாப்டியா கண்ணு? படிக்கிறியா?" என்று இவர் கேட்பார். "ம்" என்று பிள்ளை சொல்லும். போன் ஆயாவிடம் போய்விடும்.

இந்தப் பேச்சில் ஒரு குழந்தை எதையும் சொல்ல முடியாது. பயப்பட வேண்டிய ஆளே அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். வாரத்துக்கு ஒருமுறையாவது ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, குழந்தை வாசல் தாண்டி வந்து தனியாகப் பேசும்படி ஏற்பாடு செய்யுங்கள். அதையும் ஒரு பழக்கமாக்குங்கள். என்றைக்கோ ஒருநாள் மட்டும் தனியாகக் கூப்பிட்டால் வீட்டில் எல்லோரும் கவனிப்பார்கள்.

கேள்வியையும் மாற்றுங்கள். "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் யார் மேல கோபம் வந்துச்சு?", "வேன்ல யார் பக்கத்துல உட்கார்ற?" என்று கேட்டால் பேச இடம் கிடைக்கும்.

உடல் உறுப்புகளின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் வீட்டில் வழங்கும் சொல்லே போதும். குளிப்பாட்டும்போது சொன்னால் இயல்பாக இருக்கும். யாராவது "இதை அம்மாகிட்ட சொல்லாத" என்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். ஆண் குழந்தைக்கும் இதெல்லாம் உண்டு. "ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகப் போவுது" என்று விட்டுவிடுகிறார்கள். போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

3. மாற்றத்தைக் கவனித்தல்

தனி அறிகுறி ஒன்றை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மாற்றத்தைப் பாருங்கள். நன்றாக இருந்த பிள்ளை மீண்டும் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, பள்ளி நாளன்று மட்டும் வயிற்று வலி, ஒரு குறிப்பிட்ட ஆள் வந்தால் உள்ளே போய்விடுவது, யார் கொடுத்தது என்று சொல்லாத காசோ போனோ. இவை அடியையும் குறிக்கலாம், சக மாணவர்களின் கேலியையும் குறிக்கலாம், வெறும் கணக்குப் பாடப் பயமாகவும் இருக்கலாம். குறித்து வையுங்கள், இரண்டாம் படியைத் தொடருங்கள். மிரட்டி வரவழைக்கப் பார்க்காதீர்கள்.

4. குழந்தை சொல்லும் அந்தப் பத்து நிமிடம்

நேரம் பார்த்துச் சொல்லாது. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கும்போது, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, பாதி வாக்கியமாக வரும். அடுப்பை அணையுங்கள், வண்டியை ஓரம் கட்டுங்கள். "அப்புறம் பேசலாம்" என்றால் இரண்டாவது முறை வராமலே போகலாம்.

முகத்தை அடக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அலறினால் குழந்தைக்குப் புரிவது, தான் எதையோ உடைத்துவிட்டோம் என்பதுதான். அடுத்த வார்த்தையை அது விழுங்கிவிடும்.

சொல்ல வேண்டியவை மூன்று: "நீ சொன்னது நல்லது." "உன் மேல தப்பே இல்ல." "இனி பெரியவங்க பாத்துக்குவோம்."

கேட்க வேண்டியவை குறைவு. யார், எங்கே, மறுபடி நடக்கும் என்று பயமாக இருக்கிறதா, இப்போது எங்காவது வலிக்கிறதா. மற்றதற்கெல்லாம் "அப்புறம்?" போதும். "மாமா இங்க தொட்டாரா?" என்று நீங்களே பெயரையும் இடத்தையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் குழந்தை சொல்கிறது என்று நீதிமன்றத்தில் வாதிட அது ஒன்றே போதும்.

இங்கே நடக்கும் பிழைகள்:

"ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்பது. கேட்பவருக்கு இது கேள்வி, குழந்தைக்குக் குற்றச்சாட்டு.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்வது. நீங்கள் சொல்லியே ஆக வேண்டும், சட்டமே அப்படித்தான். பொய்ச் சத்தியம் செய்தால் அடுத்த நாளே நம்பிக்கை போய்விடும். "உனக்கு உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

அத்தை, பெரியம்மா, டீச்சர் என்று ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொல்ல வைப்பது. இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. ஒவ்வொரு முறையும் குழந்தை அதைத் திரும்ப அனுபவிக்கிறது. வார்த்தைகளும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகின்றன. வீட்டில் ஒருவர், ஒரே முறை கேட்டால் போதும்.

5. எழுதி வைத்தல்

அன்றைக்கே, தூங்கப் போகும் முன், ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், எங்கே இருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள், குழந்தை சொன்ன வார்த்தைகள். நாகரிகமாக்கி எழுத வேண்டாம். குழந்தை கொச்சையாகச் சொன்னால் கொச்சையாகவே இருக்கட்டும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகள் அதிகம். அவர்கள் சொன்ன மொழியிலேயே, தெரிந்த எழுத்தில் எழுதுங்கள். வாக்குமூலத்தின்போது மொழிபெயர்ப்பாளர் வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. புகார் கொடுக்கும்போதே அதைக் கேளுங்கள். தமிழ் தெரிந்த பிள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள். பள்ளித் தமிழில் பாடம் ஒப்பிக்கத் தெரிவது வேறு, பயந்துபோன நேரத்தில் பேசுவது வேறு.

போனில் வீடியோ எடுக்காதீர்கள். ஒரு வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதுவும் ஊடகத்தில் வரக்கூடாது என்று போக்சோ 23-ஆம் பிரிவு சொல்கிறது. ஆபாசச் செய்தியோ படமோ குழந்தைக்கு வந்திருந்தால் அதை அழிக்காமல் போனை அப்படியே எடுத்து வையுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

6. அன்றிரவுப் பாதுகாப்பு

சந்தேகத்துக்குரியவர் வீட்டுக்குள் இருந்தால், உடனே 1098-க்குச் சொல்லுங்கள். விலகிப் போக வேண்டியவர் அவர்தான். நம் ஊரில் குழந்தையைத்தான் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குழந்தைக்கு அது தண்டனையாகத் தெரியும். அங்கே யார் இருக்கிறார்கள் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. வேறு வழியே இல்லாமல் அனுப்ப வேண்டியிருந்தால், நம்பும் பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும்.

எதிர்த்தரப்பு வீட்டுக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள். ஆள் தப்பிப்போக நேரம் கொடுப்பதோடு, உங்கள் மேலேயே எதிர்ப்புகார் வரவும் வழி செய்கிறீர்கள்.

7. மருத்துவமனை

பாலியல் வன்முறை என்றால் போலீசுக்கு முன்பேகூட ஆஸ்பத்திரிக்குப் போகலாம். எப்.ஐ.ஆர். இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் முதலுதவியும் சிகிச்சையும் கட்டணமின்றித் தர வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. முடிந்தால் நேரே அங்கே போவது நல்லது; எல்லாப் பிரிவும் ஒரே இடத்தில் இருப்பதால் அலைச்சல் குறையும்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையும் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். நாள் கடந்துவிட்டது என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். காயத்துக்கும் மனதுக்கும் சிகிச்சை அப்போதும் வேண்டும்.

குளிப்பாட்டாமல் கூட்டிப் போங்கள். அம்மாக்களுக்கு முதலில் வரும் எண்ணம் தலைக்கு ஊற்றிவிட வேண்டும் என்பதுதான். புரிகிறது, ஆனால் தடயம் போய்விடும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளில் சுற்றினாலும் போதும்.

பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். குழந்தை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரு விரல்' பரிசோதனை தடை செய்யப்பட்டது. யாராவது அப்படிச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

8. புகார்

போக்சோ சட்டம் 2012, பிரிவு 19: குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. நிறுவனத் தலைவர் தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. ஆசிரியர்கள் இந்தக் கடைசி வரியைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

"முதல்ல நாங்க உள்ளுக்குள்ள விசாரிச்சுப் பாக்கறோம்" என்று பள்ளி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விசாரிப்பது போலீசின் வேலை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடத்தியவர்மீது எழுந்த பாலியல் வழக்கில், விஷயம் தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளித் தரப்பினரும் கைது செய்யப்பட்டார்கள். வெளியாட்கள் வந்து முகாமோ பயிற்சியோ நடத்தினால், யார் அனுமதித்த கடிதம் என்று பெற்றோர் கேட்கலாம். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் அதற்கான இடம்தான்.

எங்கே போவது: அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையம், அல்லது எந்தக் காவல் நிலையமும். எல்லை எங்களுடையதல்ல என்று சொல்லித் திருப்ப முடியாது. பதிவு செய்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். பெங்களூரில் நடந்ததென்றாலும் இங்கே புகார் கொடுக்கலாம். எப்.ஐ.ஆர். நகல் இலவசம், வாங்காமல் வெளியே வராதீர்கள்.

குழந்தையை நிலையத்துக்குக் கூட்டிப் போக வேண்டிய அவசியமில்லை. வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், பெற்றோர் அல்லது நம்பிக்கைக்குரியவர் முன்னிலையில். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை கூட வரும் உதவி நபர் ஒருவரைக் குழு நியமிக்கலாம். நீங்களாகவே கேளுங்கள், கேட்காதவர்களுக்குப் பல நேரம் கிடைப்பதில்லை.

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால், குழந்தை பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்ததென்றால், முதல் புகாரிலேயே அதை எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தால் விசாரணை டி.எஸ்.பி. நிலைக்குப் போகும். பிறகு சேர்க்கச் சொல்லி அலைவது தனி வேலை.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போவது. ஆட்சியர் அலுவலக வாசலில் பத்துப் போன் கேமரா நிற்கும். மனுவைப் பெரியவர்கள் மட்டும் கொண்டு போகட்டும்.

இன்னொன்று, ஊர்ப் பஞ்சாயத்து. "பொண்ணு பேரு கெட்டுப் போவும், பணத்தை வாங்கிக்கிட்டு விட்டுடுங்க" என்பார்கள். போக்சோ குற்றம் பேசி முடித்துக்கொள்ளக்கூடியதல்ல. ஆசிரியர் ஒருவர் குடும்பத்தோடு சமரசம் செய்துகொண்டதால் ரத்தான வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்திருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள், வாதாட வேண்டாம்.

9. அடி, திட்டு, அவமானம்

இதற்குப் பாதை வேறு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பது மட்டுமல்ல, "உங்கப்பன் செங்கல் சூளைதான, உனக்கெதுக்குப் படிப்பு" என்பதும் இதில் அடங்கும்.

காயம் இருந்தால் முதலில் சிகிச்சை, காயச் சீட்டு. பிறகு தலைமையாசிரியருக்கு எழுத்தில் மனு. நகலில் பெற்றதற்கான கையெழுத்தும் தேதியும். பதில் இல்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலர், 14417. பலத்த காயம் என்றால் இந்த வரிசைக்குக் காத்திருக்காமல் நேரே போலீஸ்.

கோபத்தில் முதல் நாளே டி.சி. கேட்காதீர்கள். குழந்தை அந்தப் பள்ளியை விட்டுப் போனபின் புகாரில் யாருக்கும் அக்கறை இருப்பதில்லை. வீட்டிலும் இதே அடி விழுகிறது என்றால் பள்ளியைக் கேட்கும் முன் அதை நிறுத்துங்கள். எங்கே அடித்தாலும் அடி ஒன்றுதான் என்று குழந்தைக்குத் தெரியும்.

10. படிப்பை நிறுத்திக் கல்யாணம்

மலைக்கிராமங்களில் மட்டும் நடப்பதாக நினைக்க வேண்டாம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து பள்ளி திறக்கும்வரையிலான இடைவெளியில்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். வராத மாணவியின் பெயரை ஜூன் மாதம் முதல் வாரமே வகுப்பு ஆசிரியர் விசாரித்துவிட வேண்டும்.

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இன்படி நடத்திவைப்பவருக்கும் பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு (பெற்றோரில் தாய்க்குச் சிறை இல்லை, அபராதம் மட்டும்). தகவல் தெரிந்ததும் 1098 அல்லது மாவட்ட சமூக நல அலுவலகம்.

இங்கே நேரம்தான் எல்லாம். நிச்சயத்தின்போதே சொன்னால் நடுவர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கலாம். அதை மீறி நடக்கும் கல்யாணம் செல்லாது. முகூர்த்தத்தன்று காலை சொன்னால் அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் தாலி ஏறிவிடும், அல்லது எல்லை தாண்டிக் கர்நாடகத்திலோ ஆந்திரத்திலோ ஒரு கோயிலில் முடித்துவிடுவார்கள். எந்த ஊரில், எந்தக் கோயிலில் என்ற தகவலையும் சேர்த்தே சொல்லுங்கள்.

11. அதற்குப் பிறகான மாதங்கள்

முடிந்தவரை சீக்கிரம் பழைய நேரப்படி பள்ளி, விளையாட்டு, தூக்கம். ஆலோசனைக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். முதல் சந்திப்பில் குழந்தை ஒன்றுமே பேசாமல் திரும்பலாம், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். அண்ணன், தங்கைக்கும் வயதுக்கேற்றபடி ஏதாவது சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் திடீரென்று குசுகுசுவென்று பேசுவதை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். இடைக்கால இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிறப்பு நீதிமன்றத்தில் இப்போதே மனுப் போடச் சொல்லுங்கள்.

சாட்சி சொல்லும் நாளில் குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை. திரை வைக்கவோ காணொளி வழியாகக் கேட்கவோ ஏற்பாடு உண்டு. ஆனால் வராண்டாவில் எதிர்ப்பட்டுவிடுவார். அதனால் முந்தைய நாளே உதவி நபரை அழைத்து, வழக்கு உண்மையில் எடுக்கப்படுமா, எத்தனை மணிக்கு, குழந்தை காத்திருக்கத் தனி அறை எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு, தண்ணீர், ஒரு விளையாட்டுப் பொருள் கொண்டு போங்கள். வாய்தா போட்டுவிட்டார்கள் என்றால், இன்றைக்குப் பேச வேண்டியதில்லை என்று குழந்தையிடம் உடனே சொல்லிவிடுங்கள்.